மோட்டாரைப் பார்த்த கண்ணுக்கு ஊற்று தெரியவில்லை

சென்னிமலை வட்டாரத்தில், கீழ்பவானி வாய்க்காலின் கீழ்ப்புறத்தில், எங்களுக்கு நாலரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. தென்னையும் கொஞ்சம் மஞ்சளும் மாட்டுக்குத் தீவனமும் போட்டிருக்கிறோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, அவர் நடமாட்டம் சாளை என்கிற தோட்டத்து வீட்டுத் திண்ணையோடு நின்றுபோன பிறகு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் காலையும் மாலையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த முதல் கோடையிலேயே எங்கள் போர்வெல் மோட்டார் மூன்று முறை எரிந்தது. குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றுகிற கூலி, காயில் கட்டுகிற, அதாவது எரிந்த செம்புச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுகிற செலவு, மறுபடி இறக்குகிற கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு தடவைக்குப் பதினைந்தாயிரத்துக்குக் குறையவில்லை. மூன்று முறையும் நான் மோட்டாரைத்தான் குற்றம் சொன்னேன். குற்றம் மோட்டாரில் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது. அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை எரிந்தபோது மெக்கானிக் தம்பி வந்து, காயில் கட்டி இறக்கிவிட்டுப் போனார். ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று நான் சொன்னதால், போகிற போக்கில், கரண்டு அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயின் முள்ளை எட்டு ஆம்பியரிலிருந்து பன்னிரண்டுக்குத் திருப்பிவைத்தார். ட்ரிப் ஆவது நின்றது; எனக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு மாதத்தில் மறுபடியும் எரிந்தது. "அக்கா, அஞ்சு எச்பி இந்த ஆழத்துக்குப் பத்தாதுங்க. ஏழரை போட்டீங்கன்னா தூக்கிரும்" என்றார். பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் மின் இணைப்பு 5 எச்பிக்குத்தான் வழங்கப்பட்டது, கூடுதல் சுமைக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதைக்கூட நான் அப்போது எண்ணவில்லை. புது மோட்டாரை இறக்கிய அன்று அப்பா திண்ணையில் இருந்தபடியே குழறலாக ஏதோ கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோதுதான் விளங்கியது: "ஊத்து எத்தன அம்மிணி?" போருக்குள் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைப் பெரிதாகவும் நினைக்கவில்லை. ஏழரை எச்பி மோட்டார் நாற்பது நாளில் எரிந்தது.

மூன்றாம் முறை நானே மோட்டாரோடு பெருந்துறைப் பக்கத்தில் இருக்கும் காயில் கட்டும் பட்டறைக்குப் போனேன். அந்தப் பட்டறைக்காரர் மோட்டாரைப் பிரித்து, கருகிய சுற்றுகளைக் கையில் எடுத்துக் காட்டினார். வார்னிஷ் பொசுங்கிய நாற்றம் அடித்தது. செம்புக் கம்பிகள் வெந்த கருவேப்பிலைக் காம்புபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை, அதாவது ஒரு பேஸ், விட்டுப்போய் எரிந்த மோட்டாரில் சில சுற்றுகள் மட்டும் கருகி மற்றவை நன்றாக இருக்கும் என்றும், இதில் மூன்று பேஸின் சுற்றுகளும் ஒரே அளவில் கருகியிருப்பதால் மோட்டார் நெடுநேரம் சூட்டிலேயே ஓடியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். "தண்ணிக்குள்ள இருக்கற மோட்டாரு எப்படீங்க சூடாகும்?" என்று கேட்டேன். "தண்ணி இருந்தா ஆகாதுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் முப்பதாயிரத்துக்கு மேல் கட்டணம் கட்டியிருந்தேன் என்று பேருந்தில் திரும்பும்போது தோன்றியது.

நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதன் உடலை உரசி மேலே போகிற தண்ணீர். போரில் தண்ணீர் இறங்கி பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியதும் மோட்டாருக்கு வேலை குறைந்துவிடுகிறது, குளிர்ச்சியும் போய்விடுகிறது. வேலை குறைவதால் அது இழுக்கும் கரண்டும் குறைகிறது. ஓவர்லோடு ரிலேயோ கரண்டு கூடினால் மட்டுமே துண்டிக்கும். ஆகவே மோட்டார் வெந்துகொண்டிருந்த வேளையில் ரிலேயின் பார்வையில் எல்லாம் சுகமாகவே இருந்திருக்கிறது. அந்த ரிலே பழுதில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு, எங்களுக்கு வந்த ஆபத்து வேறு. ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவே இல்லை என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

காயில் கட்டிய ஏழரையை மறுபடி இறக்கியபோது, இம்முறை அளந்து பார்க்காமல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கணக்கு எழுதுவது. ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு. நூல் வரவுக்கும் போர்வை இருப்புக்கும் பத்து வருடமாக இதைத்தான் எழுதிவந்தேன். போருக்கு ஏன் எழுதக்கூடாது?

எங்கள் போர் 700 அடி ஆழம், ஆறரை அங்குலக் குழி. மோட்டார் நிற்பது 550 அடியில். நூலில் நட்டு ஒன்றைக் கட்டி மூடியின் ஓட்டை வழியாக இறக்கிப் பார்த்ததில், ஓய்வில் இருக்கும்போது நீர்மட்டம் 250 அடியில் இருந்தது. ஆக, மோட்டாருக்கு மேலே நிற்கும் தண்ணீர் 300 அடி உயரம். ஆறரை அங்குலக் குழியில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் பிடிக்கும். முந்நூறு அடிக்கு 1,950 லிட்டர். முந்நூறு அடி என்று சொல்லும்போது கடல்போலத் தோன்றுவது, லிட்டரில் எழுதினால் வீட்டு மாடியில் வைக்கிற இரண்டு பிளாஸ்டிக் தொட்டி. இதுதான் என் ஆரம்ப இருப்பு.

பிறகு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கடியில் வைத்துக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 109 லிட்டர். அப்படியே ஓட விட்டு ஸ்டார்ட்டர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆம்பியர் முள் பன்னிரண்டில் அசையாமல் நின்றது. இருபத்தெட்டாவது நிமிடம் அது மெல்ல நடுங்கி, பத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி, பிறகு ஒரேயடியாக ஏழுக்கு விழுந்தது. அதே நேரத்தில் குழாய் இருமலோடு காற்றும் தண்ணீருமாகத் துப்பத் தொடங்கியது. ஓடிப்போய் நிறுத்தினேன். நான் சங்கத்துக்குப் போய்விட்ட நாட்களில் மணிக்கணக்காக இந்த இருமல்தான் நடந்திருக்கிறது என்பதை அந்த முள் எனக்குச் சொன்னது.

இப்போது பேரேட்டை மூடலாம். இருபத்தெட்டு நிமிடத்தில் வெளியே போனது சுமார் 3,050 லிட்டர். இருப்பு 1,950. மீதி 1,100 லிட்டர் அந்த நேரத்துக்குள் பாறை வெடிப்புகளிலிருந்து ஊறி வந்தது. அதாவது ஊற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர். மட்டம் இறங்க இறங்க ஊற்றின் வேகம் சற்று மாறும் என்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் முடிவெடுக்கப் போதுமானது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில், மோட்டார் மூன்று முறை எரிந்த பிறகு கிடைத்தது.

இதற்கு அடுத்த வரியைத்தான் நான் நம்ப மறுத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஏழரை எச்பி 28 நிமிடம் ஓடி, காலியான இருப்பு நிறைய 50 நிமிடம் காத்திருந்தால், 78 நிமிடத்தில் 3,050 லிட்டர் கிடைக்கிறது. பழைய 5 எச்பி நிமிடத்துக்கு 75 லிட்டர் எடுக்கும். அது 56 நிமிடம் ஓடி 50 நிமிடம் காத்திருந்தால், 106 நிமிடத்தில் 4,200 லிட்டர். இரண்டையும் மணிக்கணக்கில் வகுத்தால் ஒரே விடை, மணிக்கு ஏறத்தாழ 2,400 லிட்டர். எந்த மோட்டாரைப் போட்டாலும் நாள் முழுக்க எனக்குக் கிடைக்கப் போவது ஊற்று கொடுப்பது மட்டுமே. பெரிய மோட்டார் எனக்கு ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் தரவில்லை. வறண்டு ஓடும் நேரத்தைத்தான் இரண்டு மடங்கு சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்தது. நாற்பதாயிரம் சம்பளம் வாங்குகிறவர் பணம் எடுக்கும் அட்டையை மாற்றினால் சம்பளம் கூடிவிடாது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் விஷயத்தில் அது ஏன் உறைக்கவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு செய்தவை பெரிய செலவில்லாதவை. ஏழரையைக் கழற்றி விற்றேன். இரண்டாம் முறை காயில் கட்டி மூலையில் போட்டிருந்த 5 எச்பியையே இறக்கினேன். ரிலேயை எட்டரைக்குத் திருப்பிவைத்தேன். கரண்டு குறைந்தால் துண்டிக்கும் ட்ரை ரன் கருவி ஒன்றைச் சேர்த்தேன். அது ஆம்பியர் ஆறுக்குக் கீழே போனால் பத்து நொடியில் மோட்டாரை நிறுத்திவிடும். டைமரில் 45 நிமிடம் ஓட்டம், 50 நிமிடம் ஓய்வு என்று வைத்தேன். தோட்டத்தின் மேட்டு மூலையில் 20,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி கட்டி, போர் அதில் மட்டுமே கொட்டும்படி செய்தேன். பாசனம் அந்தத் தொட்டியிலிருந்து சரிவில் தானாக இறங்குகிறது. இந்தத் தொட்டியால் நேர்ந்த மாற்றத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பு செடிக்கு வேண்டிய நேரமும் ஊற்று சுரக்கும் நேரமும் மும்முனை மின்சாரம் வரும் நேரமும் ஒன்றாகக் கூடினால்தான் பாசனம். மூன்றில் எது பிசகினாலும் நான் மோட்டாரை விரட்டினேன். இடையில் ஓர் இருப்பு வந்தவுடன் அந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது நின்றது.

ஆனாலும் கதை முடியவில்லை. காலையில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று, சில நாள் ரிலே ட்ரிப் ஆகும். முதலில் மெக்கானிக் தம்பி முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பியதற்குக் காரணமே இந்த ட்ரிப்தான். அப்போது நான் வாயை அடைத்துவிட்ட ரிலே உண்மையில் ஏதோ சொல்ல வந்திருக்கிறது. இம்முறை முள்ளைத் தொடாமல் வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். கரண்டு வந்த முதல் நொடிகளில் முள் 310-க்கு விழுந்து, தயங்கித் தயங்கி 350-க்கு ஏறியது. இருக்க வேண்டியது 415.

எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 63 கேவிஏ. அது தாராளமாகத் தரக்கூடியது 84 ஆம்பியர். அதில் பன்னிரண்டு மோட்டார்கள். எல்லாமே 5 எச்பி என்று வைத்துக்கொண்டாலும் ஓட்டத்தில் 96 ஆம்பியர். இதுவே சற்று மிகை. ஆனால் இந்த வகை மோட்டார் புறப்படும் நொடியில் ஓட்டக் கரண்டைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். முன்காலத்தில் கரண்டு வந்ததும் ஒவ்வொருவராகத் தோட்டத்துக்கு நடந்துபோய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். நடக்கிற தூரம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் மோட்டார்கள் தாமாகவே முன்பின்னாகப் புறப்பட்டன. இப்போது எல்லோரிடமும் ஆட்டோ ஸ்டார்ட்டர். எல்லாம் ஒரே மாதிரி, கடையில் வாங்கியபோது இருந்த அதே தாமத அளவு. ஆகையால் பன்னிரண்டும் ஒரே நொடியில் எழுந்து ஐந்நூற்றுச் சொச்சம் ஆம்பியரைக் கேட்கின்றன. வோல்டேஜ் சரிகிறது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முக்கால் வோல்டேஜில் பாதிக்குச் சற்று மேலான பலம்தான் இருக்கும். அது எழுந்து வேகம் பிடிக்க நேரமாகிறது. ஓடத் தொடங்கிய பிறகும் குறைந்த வோல்டேஜில் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்டை இழுக்கிறது. அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது. கரண்டு இருபது சதவிகிதம் கூடினால் சுற்றில் சூடு நாற்பத்து நான்கு சதவிகிதம் கூடும். யார் மோட்டாரும் கெட்டதில்லை, யாரும் தப்புச் செய்யவும் இல்லை. சேர்ந்து நிற்கும் முறையிலேயே கேடு இருந்தது.

ஒரு விளைவு திரும்பிவந்து தன் காரணத்தையே பாதிப்பதைப் பின்னூட்டம் என்கிறார்கள். தொட்டியின் மிதவை வால்வில் இருப்பது அடக்குகிற பின்னூட்டம்: நீர் ஏறினால் வால்வு மூடும். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் நடந்தது ஏற்றிவிடுகிற பின்னூட்டம்: சரிவு சரிவையே வளர்த்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே கை வைக்கலாம் என்பது பாதி விளங்கிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தோட்டத்துப் பெரியப்பாவின் வேப்பமரத்தடியில் எல்லோரையும் வரச்சொன்னேன். ஆம்பியர், முறுக்குவிசை என்று நான் பத்து நிமிடம் பேசியதில் ஒருவர் முகத்திலும் அசைவில்லை. பிறகு பெரியப்பா கேட்டார்: "ஏனம்மிணி, எல்லா மதகையும் ஒரே நேரத்துல தொறந்தா கடமடைக்குத் தண்ணி போகாது. அதையத்தானே சொல்ற?" அதையேதான் சொல்கிறேன் என்றேன். "அப்பறம் என்ன, கரண்டுக்கும் மொறை வெச்சுக்கலாம்." கீழ்பவானியில் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு பருவம் என்று முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்த நாளிலிருந்து வாய்க்காலோடு வாழ்ந்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். கம்பியின் கடைக்கோடியில் இருப்பவருக்கு வோல்டேஜ் எப்போதும் குறைவு என்பதால் அவர் மோட்டார் முதலில் புறப்பட வேண்டும். அடுத்தடுத்து இருபது நொடி இடைவெளி. ஆட்டோ ஸ்டார்ட்டரிலேயே அதற்கான திருகு இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், காசு செலவில்லை. ஆனால் மெயினை அணைத்து, மின் வாரிய ஃப்யூஸையும் பிடுங்கிவிட்டு, தெரிந்த ஆளை வைத்துத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து காலையில் முள் 365-க்குக் கீழே இறங்கவில்லை. ஆறு பேர் மோட்டாருக்குக் கெப்பாசிட்டரும் போட்டோம். மோட்டாரின் காந்தப்புலத்துக்கு வேண்டிய பகுதியைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுவதால், கம்பி வழியாக அவ்வளவு கரண்டு வர வேண்டியதில்லை. ஓட்டத்தின்போதும் முள் இன்னும் பத்துப் பதினைந்து ஏறியது. சேராத மூவரில் ஒருவர், "எம் மோட்டாரு எதுக்குங்க கடைசியில போகோணும்?" என்று இன்றும் கேட்கிறார். அவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் இருப்பதால் அவருக்கு வோல்டேஜ் பிரச்சினையே இல்லை.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மின் கட்டணத்துக்காக 1972-இல் மாட்டுவண்டிகளைக் கோவைக்குள் கொண்டுபோய் நிறுத்திய உழவர்கள் உள்ள நாடு இது. 1990-இலிருந்து உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம். அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் எங்கள் தோட்டம் இல்லை. ஆனால் பில் வராத இடத்தில் ஒரு தகவல் வருவதும் நின்றுபோகிறது. வறண்டு ஓடிய அந்த மணிநேரங்களுக்குப் பில் வந்திருந்தால் முதல் மாதத்திலேயே கேள்வி கேட்டிருப்பேன். இல்லாத அந்தத் தகவலுக்குப் பதிலாகத்தான் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு நோட்டு வைத்து, தினமும் மட்டமும் ஆம்பியரும் குறித்துவருகிறேன்.

கைப்பேசியில் இயங்கும் சிம் ஸ்டார்ட்டர் வாங்கியபோதும் அந்த நோட்டே காப்பாற்றியது. "மோட்டார் ஓடுகிறது" என்று குறுஞ்செய்தி வந்துகொண்டேயிருந்தது. தொட்டியில் மட்டம் ஏறவில்லை. எலி கடித்த ஹோஸ் வழியாகத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தி தண்ணீரைப் பற்றியது அன்று, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காண்டாக்டர் என்கிற சுவிட்சைப் பற்றியது.

நோட்டு எனக்குக் காட்டிய இன்னொன்று தாமதம். வாய்க்காலில் தண்ணீர் திறந்து பதினெட்டாவது நாள்தான் என் போரில் மட்டம் ஏறத் தொடங்கியது. அடைத்த பிறகும் மூன்று வாரம் குறையவில்லை. இந்த இடைவெளியை அறியாதவர்கள், மட்டம் அடியில் கிடக்கும் அந்தப் பதினெட்டு நாளுக்குள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து இன்னொரு போர் போட்டுவிடுகிறார்கள். பிறகு மட்டம் ஏறியதும் புது போரின் ராசி என்கிறார்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை போடும் திட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி இருப்பதற்கும் வேர் இங்கேதான். கடைமடைக்காரருக்கு வழியில் கசிவது நட்டம். எங்களைப் போன்றவர்களின் கிணற்றுக்கு அந்தக் கசிவே ஊற்று. எல்லையை எங்கே கோடு போட்டுப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தண்ணீர் வரவாகவும் செலவாகவும் எழுதப்படுகிறது. நான் எந்தக் கட்சி என்று கேட்டால், என் பேரேட்டைக் காட்டி நழுவிவிடுவேன்.

இந்த ஏப்ரலில் மறுபடி டிரம்மை வைத்து அளந்தேன். ஊற்று நிமிடத்துக்கு 28 லிட்டராக இறங்கியிருக்கிறது. காலியான இருப்பு நிறைய 70 நிமிடம் ஆகும். டைமரை ஓட்டம் 35, ஓய்வு 75 என்று மாற்றிவைத்தேன். தீவனத்தில் அரை ஏக்கரை விட்டுவிட்டேன். அப்பாவிடம் போய் "ஊத்து இருவத்தெட்டுங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மஞ்சளையும் கொறச்சுக்கலாம் சாமி" என்றார்.